கருப்பு உடை, மெட்டல் பாட்டு என்று மகள் மாறிவிட்டாள். பயப்பட வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: பதினைந்து வயது மகள் சில மாதங்களாகக் கருப்பைத் தவிர வேறு நிறமே உடுத்துவதில்லை. கண்ணைச் சுற்றி அடர்த்தியாக மை, நகத்தில் கருப்புச் சாயம், காதில் எந்நேரமும் மெட்டல் என்னும் இரைச்சலான ராக் பாட்டு. தங்களை 'கோத்' (கருப்பு உடையும் இருண்ட இசையும் விரும்பும் இளைஞர் பாணி) என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு மூன்று தோழிகளோடுதான் பேச்சு. "இந்தக் கூட்டமெல்லாம் போதை, சாத்தான் வழிபாடு, கையை அறுத்துக்கொள்வது என்று போய் முடியும், இப்போதே அதட்டி நிறுத்து" என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை.

பள்ளி மாணவர்களுக்கு மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இதே பயத்தோடு வரும் பெற்றோரை அடிக்கடி பார்ப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகள்மேல் ஒரு கண் இருக்கட்டும், அது இந்த வயதில் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டியதுதான். ஆனால் உடையை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். யாரோடு சேர்ந்திருக்க அவள் ஆசைப்படுகிறாள் என்பதை அந்த உடை சொல்லும். அவள் மனம் எப்படி இருக்கிறது என்பதை அவள் வாயால்தான் கேட்க வேண்டும். அதட்ட ஆரம்பித்துவிட்டால் அவள் வாய் திறக்க மாட்டாள்.

உறவினர் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் போதை. பங்க் என்ற வேகமும் ஆவேசமுமான ராக் இசை என்றாலே குடியும் போதையும்தான் என்று எல்லோரும் நினைத்த 1980களின் தொடக்கத்தில், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் பங்க் இளைஞர்களுக்குள்ளேயே ஒரு பிரிவு கிளம்பியது. மது, புகை, போதை எதையும் தொடுவதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்று பெயர். கச்சேரி நடக்கும் இடங்களில், மது அருந்தும் வயது வராதவர்களின் புறங்கையில் பெரிய எக்ஸ் போட்டு உள்ளே விடுவார்கள், அவர்களுக்குத் தவறியும் மது கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த எக்ஸையே இவர்கள் தங்கள் சின்னமாக்கிக்கொண்டார்கள். வயது வந்த பிறகும் தாங்களாகவே கையில் போட்டுக்கொண்டு போனார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதே காதைப் பிளக்கும் சத்தமும் அதே முரட்டுத் தோற்றமும்தான் தெரிந்திருக்கும்.

ஒரே தோற்றத்துக்குள் நேர் எதிரான மனிதர்கள் இருக்கலாம் என்பதற்கு ஸ்கின்ஹெட்களை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மழித்த தலையும் கனத்த பூட்ஸுமாக 1960களின் கடைசியில் இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பங்களில் தோன்றிய பாணி அது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய இளைஞர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட ஸ்காவும் ரெக்கேயும்தான் அவர்கள் ஆடிய இசை. தெற்காசியர்களைத் தேடிப்போய் அடித்தவர்களும் அப்போதே அவர்களில் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. 1970களின் பிற்பகுதியில் இனவெறி அமைப்புகள் அவர்களிடையே ஆள் பிடிக்க, ஸ்கின்ஹெட் என்றாலே நாஜி என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1987இல் நியூயார்க்கில், இனவெறியை எதிர்க்கும் ஸ்கின்ஹெட்கள் 'ஷார்ப்' என்று தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதே பூட்ஸ், அதே மொட்டைத் தலை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இளைஞர் கூட்டங்களிடம் செல்லாது.

அடுத்தது சாத்தான் வழிபாடு. இதைத்தான் நான் மிகவும் பயங்கரமான குற்றச்சாட்டாக நினைக்கிறேன், ஏனென்றால் இது ஒரு பையனைத் தூக்குமேடை அருகே கொண்டுபோன குற்றச்சாட்டு. 1993 மே மாதம், அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் வெஸ்ட் மெம்பிஸ் என்ற ஊரில் எட்டு வயதுச் சிறுவர்கள் மூன்று பேர் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். ஊரே கொதித்தது. போலீஸின் சந்தேகம் சீக்கிரமே டேமியன் எக்கோல்ஸ் என்ற பதினெட்டு வயதுப் பையன்மேல் விழுந்தது. கருப்பு உடை உடுத்துவான், மெட்டல் கேட்பான், மாந்திரீகம் பற்றிய புத்தகங்கள் படிப்பான். அவனோடு இன்னும் இரண்டு பேரையும் பிடித்தார்கள். அந்த இருவரில் அறிவுத்திறன் குறைவான பதினேழு வயதுப் பையனை மணிக்கணக்கில் விசாரித்து ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார்கள். அதில் அவன் சொன்ன நேரம் முதலான பல விவரங்கள் நடந்ததோடு பொருந்தவில்லை, பிறகு அவனே அதை மறுத்தும்விட்டான். எக்கோல்ஸின் விசாரணையில், மாந்திரீகக் குற்றங்களில் நிபுணர் என்று ஒருவரைக் கூண்டில் ஏற்றினார்கள். கருப்புச் சட்டை, கருப்பு நகச்சாயம், கருப்பாகச் சாயம் போட்ட முடி இவையெல்லாம் மாந்திரீகத்தில் ஈடுபடுவோரிடம் தாம் கண்ட அறிகுறிகள் என்று அவர் சாட்சி சொன்னார். அவருடைய முனைவர் பட்டம் தபால்வழியில் வாங்கியது.

1994இல் எக்கோல்ஸுக்கு மரண தண்டனை, மற்ற இருவருக்கும் ஆயுள். பின்னாளில் நடந்த மரபணுச் சோதனைகளில், கொலை நடந்த இடத்தில் கிடைத்த எதுவும் இந்த மூவரோடு பொருந்தவில்லை. 2011 ஆகஸ்டில் வெளியே விட்டார்கள், அதுவும் நிரபராதிகள் என்று அறிவித்து அல்ல. குற்றம் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே குற்றத்தீர்ப்பை ஏற்றுக்கொள்ளும் விசித்திரமான சமரசம் அது. பதினெட்டு ஆண்டுகள் சிறையில் போய்விட்டன. இறந்த குழந்தைகளின் பெற்றோருக்கும் இதனால் எந்த நியாயமும் கிடைக்கவில்லை என்பது என்னை இன்னும் அதிகமாக வருத்துகிறது.

1999இல் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்தபோதும் இதே வேகத்தில், சுட்ட இருவரும் கோத்கள் என்று செய்தி பரவியது. அவர்கள் கோத்கள் இல்லை. அதற்குள் அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில், கருப்புக் கோட்டு போட்டுவந்த பிள்ளைகள் தலைமையாசிரியர் அறையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பிள்ளைகளால் மற்றவர்களுக்கு ஆபத்து என்றுதான் நாம் பேசுகிறோம். இங்கிலாந்தின் பேக்கப் என்ற சிற்றூரில் 2007 ஆகஸ்டில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். சோஃபி லங்காஸ்டர், வயது இருபது. அவளும் அவள் காதலனும் கோத் உடையில் இரவு ஒரு பூங்கா வழியே நடந்து வந்தார்கள். பதின்வயதுப் பையன்கள் கூட்டமாக அவனை அடித்து விழத்தட்டினார்கள். விழுந்தவனின் தலையை மடியில் ஏந்தி, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியவளை அடுத்து மிதித்தார்கள். நினைவு திரும்பாமலே அவள் இறந்தாள். தாக்கியதற்கு அவர்களுடைய தோற்றத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. அவள் தாய் மகள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கிப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார். 2013இல் மான்செஸ்டர் பெருநகரக் காவல்துறை, கோத், பங்க், எமோ, மெட்டல் இளைஞர்கள்மீதான இத்தகைய தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதிவு செய்யத் தொடங்கியது.

மூன்றாவது, கையை அறுத்துக்கொள்வது. இங்கே நான் பூசி மெழுக மாட்டேன், ஏனென்றால் இதில் உண்மை இருக்கிறது, அதைத் தவறாகப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல். 2015இல் பிரிட்டனில் மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பதின்வயதினரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு வெளியானது. பதினைந்து வயதில் தங்களைக் கோத்களாக மிகவும் அழுத்தமாக அடையாளப்படுத்திக்கொண்டவர்களிடம், பதினெட்டு வயதில் மனச்சோர்வு சுமார் மூன்று மடங்கும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது சுமார் ஐந்து மடங்கும் அதிகம் என்று அது கண்டது. பத்திரிகைகள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டன. கோத்தாக இருப்பதுதான் காரணம் என்று தங்கள் ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது என ஆய்வாளர்களே சொன்னது பின்னுக்குப் போய்விட்டது. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட, சோர்ந்த பிள்ளைகள் தங்களைப் போன்றவர்களைத் தேடி அங்கே போயிருக்கலாம். அந்தக் கூட்டம் அவர்களுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கலாம். இன்னொன்று, அழுத்தமாக அடையாளப்படுத்திக்கொண்டவர்களிலும் பெரும்பான்மையோருக்கு மனச்சோர்வு இல்லை.

அதே 2015இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு, 1980களில் மெட்டல் வெறியர்களாக இருந்தவர்களை நடுவயதில் தேடிப்பிடித்துக் கேட்டது. இளமையில் ஆபத்தான காரியங்கள் நிறையச் செய்திருக்கிறார்கள், குழந்தைப் பருவத்தில் கசப்பான அனுபவங்களும் பலருக்கு உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் தங்கள் வயதொத்த மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்ததாகச் சொன்னார்கள். நடுவயதிலும் நல்லபடியாகவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ரசிகர்களுக்குள் இருந்த ஒட்டுறவு அவர்களைத் தாங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நான் பார்த்தவரையில் எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

என் அறையில் நடந்த இரண்டைச் சொல்கிறேன், யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு பையனை அவன் ஆசிரியர் நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் அனுப்பிவைத்தார். பக்கம் முழுக்க மரணம், கல்லறை, ரத்தம் என்று பாட்டு வரிகள், முள்வேர் பின்னிக்கிடப்பது போன்ற எழுத்தில் இசைக்குழுக்களின் பெயர்கள். "இதில் உனக்கு ரொம்பப் பிடித்ததைப் போடு, கேட்போம்" என்றேன். இயர்போனின் ஒரு முனையை என்னிடம் நீட்டினான். பாட்டு ஓட ஓட, டிரம்மர் இரண்டு காலாலும் மாறிமாறிப் பெடலை மிதிப்பதை மேசைக்கடியில் தன் காலால் செய்து காட்டினான். "இந்த இடம், மிஸ், இந்த இடத்தைக் கவனிங்க" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நன்றாகத் தூங்குகிறான், சாப்பிடுகிறான், நண்பர்களோடு டிரம்ஸ் பழகுகிறான். அவனிடம் நான் கவலைப்பட ஒன்றுமில்லை.

இன்னொருத்தி தலைவலிக்கு மாத்திரை கிடைக்குமா என்று கேட்டு வந்தாள். வகுப்பில் முதல் மாணவி, மடிப்புக் கலையாத சீருடை, இழுத்துப் பின்னிய சடை. அவளை யாரும் என்னிடம் அனுப்பவில்லை, அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், உயிரோடு இருக்கவே பிடிக்காமல் இருந்தாள். கருப்பு நகச்சாயத்தைத் தேடிக்கொண்டிருந்த கண்கள் அவளைத் தாண்டிப் போயிருந்தன. இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. கருப்பு உடுத்தும் பிள்ளை உண்மையிலேயே சோர்ந்துபோனால், "அவங்க எப்பவும் அப்படித்தான், சும்மா சீன் போடுறாங்க" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதட்டி நிறுத்தினால் என்ன ஆகும்? 1964 ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையில் ஸ்கூட்டர் ஓட்டும் 'மாட்'களும் தோல்ஜாக்கெட் 'ராக்கர்'களும் மோதிக்கொண்டார்கள். குளிரும் மழையுமான விடுமுறை, பொழுதுபோகாத கூட்டம், சில கண்ணாடிகள் உடைந்தன. பத்திரிகைகள் ஊரையே சூறையாடியதுபோல் எழுதின. அதை ஆராய்ந்த சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972இல் வெளியிட்ட நூலில் காட்டியது இதுதான்: பழியும் கெடுபிடியும் ஏற ஏற, பட்டும்படாமலும் இருந்த பிள்ளைகளும் ஏதோ ஒரு பக்கம் போய் நின்றார்கள், பிளவு இறுகியது. வீட்டிலும் அப்படித்தான். "நீ அந்தக் கூட்டம்தானே" என்று தினம் கேட்கும் வீட்டைவிட, அப்படிக் கேட்காத கூட்டம் பிள்ளைக்கு நெருக்கமாகிவிடும்.

ஆகவே, அவள் கேட்கும் பாட்டில் ஒன்றைப் போடச் சொல்லிக் கேளுங்கள். பிடித்ததாக நடிக்க வேண்டாம், இந்த வயதில் நடிப்பை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தோழிகளை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். உடை, முடிச்சாயம், நகச்சாயத்தை அவளிடமே விட்டுவிடுங்கள். பச்சை குத்துவதுபோல் அழியாத எதையும் வயது வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னால் அது நியாயம். கச்சேரிக்குப் போகக் கேட்டால், யாரோடு, எப்படி, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று வேறெங்கு போனாலும் கேட்பதையே கேளுங்கள். உறவினர் அவள் எதிரில் உடையைப் பற்றிப் பேசினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அதை அவள் தலையில் விட்டுவிடாதீர்கள்.

கவலைப்பட வேண்டியவை வேறு. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் மாறிப்போவது, அந்தக் கருப்பு உடைத் தோழிகளிடமிருந்தும் விலகுவது, உயிராய் இருந்த பாட்டைக்கூடக் கேட்காமல் விடுவது, ஆசையாய் வைத்திருந்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, "நான் எல்லோருக்கும் பாரம்" என்பதுபோல் பேசுவது, காயத்தை மறைப்பது. இவற்றில் எது தெரிந்தாலும் சுற்றி வளைக்காமல், "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதன்பின் தொடர்ந்து பார்ப்பதற்கு மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவள் சட்டையைப் பற்றிப் பேச்சைத் தொடங்குகிறவராக இருந்தால் இன்னொருவரைத் தேடுங்கள்.