தொழில்முறை மல்யுத்தத்தில் 'ஸ்டிஃப் மேட்ச்' என்றால் என்ன?

யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். ஆனால் அடியை மட்டும் குறைத்துப் போடமாட்டார்கள். அதுதான் ஸ்டிஃப் மேட்ச். நண்பன் பாசத்தில் முதுகில் ஓங்கி ஒன்று வைப்பானே, அது மாதிரி. பகை இல்லை, ஆனால் முதுகு எரியும்.

ஏன் அப்படி அடிக்க வேண்டும்? சினிமாவில் கேமரா கோணம் காப்பாற்றும். இங்கே நாலு பக்கமும் ஆட்கள். அதிலும் ஜப்பானில் இதை விளையாட்டாகவே மதித்துப் பார்ப்பார்கள். நிஜச் சண்டைக்கலை போலவே தெரியவேண்டும் என்பது மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கி தொடங்கிய நியூ ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தின் பாணி.

1990 பிப்ரவரி 10, டோக்கியோ டோம் அரங்கம். வேடர் (Vader) என்ற முகமூடி வீரரும் ஸ்டான் ஹேன்சனும் மோதினார்கள். இரண்டு பேருமே அமெரிக்கர்கள், மலை மாதிரி உடம்பு. ஹேன்சனுக்குக் கிட்டப்பார்வை வேறு. தூரம் கணிக்காமல் கை வீசுவார். அடிதடி நடுவே வேடரின் கண் குழியை விட்டுப் பிதுங்கிவிட்டது. மனிதர் முகமூடியைக் கழற்றினார், கண்ணைத் தானே உள்ளே தள்ளினார், அப்புறம் மேட்சைத் தொடர்ந்தார்! கடைசியில் யாருக்கும் வெற்றி இல்லை.

இதை வைத்து 'அன்றைக்கு நிஜமாகவே சண்டை போட்டுக்கொண்டார்கள்' என்று பலர் எழுதுகிறார்கள். அது வழக்கமான மேட்ச்தான், கண்ணில் அடி பட்டது மட்டும் விபத்து.