தியானம் வாசிக்கிறேன், வலி போகவில்லை

அன்புள்ள மேடம்,

பதினோரு வருடமாக எங்கள் சபையில் சிறுவர் ஞாயிறு வகுப்பு எடுத்துவந்தேன். மூன்று மாதத்துக்கு முன், ஆராதனை முடிவில் இந்த வருட ஆசிரியர்களின் பெயர்களை வாசித்தார்கள். என் பெயர் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வகுப்பறைச் சாவி இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது.

தினமும் காலையில் தியானம் வாசித்து நோட்டில் எழுதுவேன். "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்" என்ற வசனத்தை மட்டும் ஒன்பது முறை எழுதியிருக்கிறேன். எழுதும்போது ஆறுதலாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வகுப்புக்கு ஓடுவதைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது. தேவன் என்னை ஏற்றுக்கொண்டார் என்று நிஜமாகவே நம்பினால், மனிதர்கள் ஒதுக்கியது இப்படி வலிக்குமா? என் விசுவாசமே பொய்யோ என்று பயமாக இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

வலிக்கும். விசுவாசம் இருந்தாலும் வலிக்கும்.

2003-இல் மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்று வெளிவந்தது. கம்ப்யூட்டரில் பந்து எறிந்து விளையாடிக்கொண்டிருப்பவருக்கு, திடீரென்று மற்றவர்கள் பந்து தருவதை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான். அதற்கே, உடம்பில் அடிபட்டால் தூண்டப்படும் மூளைப் பகுதி ஒன்று தூண்டப்பட்டது. முகம் தெரியாதவர்களின் விளையாட்டுக்கே இப்படி என்றால், பதினோரு வருடம் பிள்ளைகளோடு இருந்த உங்களுக்கு?

நீங்கள் ஒன்பது முறை எழுதிய வசனம் 27-ஆம் சங்கீதத்தின் பத்தாம் வசனம். அதற்கு முந்தைய வசனத்தை வாசித்துப் பாருங்கள். முகத்தை மறைக்காதேயும், கைவிடாதேயும் என்று தாவீது கெஞ்சுகிறார். கடைசி வசனத்தில் 'காத்திரு' என்கிறார். நீங்கள் நடுவில் உள்ள உறுதியை மட்டும் பிய்த்தெடுத்து, தினமும் காலையில் உங்களுக்கு நீங்களே பரீட்சை வைக்கிறீர்கள். அப்புறம் ஃபெயில் ஆகிவிட்டதாக அழுகிறீர்கள்.

லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் பிதா இயேசுவைப் பார்த்து, "நீர் என்னுடைய நேசகுமாரன்" என்கிறார். அதற்குமேல் ஓர் ஏற்பு உண்டா? நான்காம் அதிகாரத்திலேயே, வளர்ந்த ஊர்க்காரர்கள் அவரை மலையிலிருந்து தள்ளிவிடப் பார்க்கிறார்கள். பத்தொன்பதாம் அதிகாரத்தில், தம்மை ஏற்காத எருசலேமைப் பார்த்து அவர் கண்ணீர்விட்டு அழுகிறார். அவருடைய கண்ணீரை யாரும் விசுவாசக் குறைவு என்று சொல்வதில்லையே. உங்களுடையதை மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?

நாளைக்கு அந்த நோட்டில் வசனத்தை எழுதுவதற்கு முன்னால், "எனக்குக் கோபமாக இருக்கிறது" என்றோ, "அந்தப் பிள்ளைகளைத் தேடுகிறது" என்றோ, உள்ளது எதுவோ அதை எழுதுங்கள். சங்கீதக்காரர்கள் அப்படித்தான் ஜெபித்தார்கள்.

இன்னொன்று. காரணம் தெரியாத இடத்தை மனம் சும்மா விடாது. இருப்பதிலேயே மோசமான காரணத்தை அங்கே கொண்டுவந்து வைக்கும். உங்களை வேண்டாம் என்றார்களா, ஓய்வு தரலாம் என்று நினைத்தார்களா, புதியவர்களுக்கு இடம் கொடுத்தார்களா, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எதுவாக இருந்தாலும், உங்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாதது தவறு. அதை 'கர்த்தருடைய சித்தம்' என்று நீங்கள் மூடிவைக்க வேண்டியதில்லை.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜெபத்துக்கு அது எதிரி அல்ல.

முடிவெடுத்தவரிடம் சாவியை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது, "என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று மட்டும் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், சபையில் உங்களுக்கு நெருக்கமான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.