சராசரியை நம்பி மாவு அரைக்கலாமா?

கேள்வி: பெரம்பூரில் சின்ன டிபன் கடை வைத்திருக்கிறேன். ஒரு வாரம் விற்ற இட்லியை எண்ணி எழுதினேன். திங்கள் முதல் வெள்ளி வரை 180, 190, 170, 185, 195, சனி 240, ஞாயிறு 520. அன்று ஒன்பதரைக்கே மாவு தீர்ந்துவிட்டது. என் மகன் கூட்டி வகுத்து, “சராசரி 240, தினமும் அவ்வளவுக்கு அரைங்கப்பா” என்றான். இப்போது வார நாளில் மாவு மிஞ்சிப் புளிக்கிறது, ஞாயிறு எட்டு மணிக்கே சட்டி காலி. எங்கே தப்பு?

பதில்: பையன் கணக்கில் தப்பில்லை. 1,680-ஐ ஏழால் வகுத்தால் 240தான். ஆனால் அது சனிக்கிழமைக்கு மட்டுமே பொருந்துகிறது, அதுவும் தற்செயலாக. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சராசரியை மேலே இழுத்துவிட்டது.

ஏழு எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்: 170, 180, 185, 190, 195, 240, 520. நடுவில் நிற்பது 190. இதற்கு இடைநிலை அளவு என்று பெயர். ஞாயிறு 900 இட்லி விற்றிருந்தாலும் இது அசையாது. சராசரியோ 294 ஆகிவிடும். நம் ஊர் மழையும் இப்படித்தான். ஆண்டுச் சராசரி சுமார் 140 செ.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்குப் போட்டால் ஏப்ரலில் குடத்தோடு நிற்க வேண்டியதுதான்.

அதற்காக தினமும் 190-க்கு அரைக்கச் சொல்ல மாட்டேன். ஞாயிறு மாட்டிக்கொள்வீர்கள். வார நாளைத் தனியாகப் பிரியுங்கள். அந்த ஐந்து நாளின் சராசரி 184. ஒவ்வொரு நாளும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைச் சொல்லும் திட்ட விலக்கம் (பத்தாம் வகுப்பில் பயமுறுத்தியதே, அதேதான்) சுமார் 10. ஏழு நாளையும் சேர்த்துப் போட்டால் அது 125! இவ்வளவு சிதறலை வைத்துக்கொண்டு ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்க முடியாது. வார நாளுக்கு 184-உடன் இரண்டு விலக்கம், அதாவது 20 சேர்த்து, 205 இட்லிக்கு அரையுங்கள். பெரும்பாலான நாள் தாங்கும். மிஞ்சினால் சாயங்காலம் ஊத்தப்பம்.

ஞாயிறுதான் சிக்கல். 520 என்பது விற்ற எண்ணிக்கை, கேட்ட எண்ணிக்கை இல்லை. மாவு தீர்ந்த பிறகு திரும்பிப் போனவர்கள் உங்கள் நோட்டில் இல்லையே. 600 இட்லி கேட்டிருந்தாலும் நோட்டு 520 என்றுதான் காட்டும். அதனால் அடுத்த ஞாயிறு 600-க்கு அரைத்துப் பாருங்கள். தீர்ந்தால் தீர்ந்த நேரத்தையும், அப்புறம் இல்லையென்று அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள்.

சனிக்கு இருப்பது ஒரே ஒரு எண். எட்டு வாரமாவது எழுதிவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். கனமழை நாள், பண்டிகை நாளுக்கு ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, அவற்றைக் கூட்டலில் சேர்க்காதீர்கள்.