பழைய சைக்கிளுக்கு வீட்டிலேயே பெயின்ட்: கேள்வியும் பதிலும்

ஒரேமாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். விலைகள் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

கே: அப்பா ஓட்டிய 22 அங்குலக் கறுப்பு சைக்கிள். முப்பது வருஷப் பழசு. பழைய பெயின்ட் முழுவதையும் சுரண்டி எடுத்தால்தான் புதுப் பெயின்ட் நிற்கும் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. அந்தக் காலத்து சைக்கிள்களுக்குத் தொழிற்சாலையில் பெயின்ட் அடித்துச் சூளையில் சுட்டு எடுத்திருப்பார்கள். நீங்கள் வீட்டில் எதை வாங்கி அடித்தாலும் அந்த அளவு இரும்பைப் பிடிக்காது. நன்றாக இருக்கும் இடத்தில் அதைச் சுரண்டி எறிவது நல்ல பிரைமரை, அதாவது கலருக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சை, தூக்கிப்போடுவதற்குச் சமம்.

எது நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பிளேடு போதும். பெயின்டின் மேல் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நாலைந்து கீறல், குறுக்கே நாலைந்து கீறல் போடுங்கள். சிறு சிறு கட்டங்கள் வரும். அதன் மேல் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று பிடுங்குங்கள். கட்டங்கள் அப்படியே இருந்தால் அந்த இடத்தில் 320 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும். டேப்போடு பெயர்ந்து வந்தால் அங்கே இரும்புவரை போக வேண்டும்.

இரும்பு தெரியும் இடத்துக்கும் பழைய பெயின்டுக்கும் நடுவில் ஒரு படி நிற்கும். 120 நம்பரால் தொடங்கி 220, பிறகு 320 என்று அந்த விளிம்பைச் சரித்துவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் படி தட்டுப்படக் கூடாது. இந்த ஒரு வேலையை அவசரத்தில் விட்டால், மேலே எத்தனை கோட் அடித்தாலும் பழைய பெயின்டின் எல்லை வரைபடம்போலத் தெரியும்.

கே: கையில் 500 ரூபாய்தான் இருக்கிறது. ஸ்ப்ரே டப்பா வாங்குவதா, பிரஷ்ஷா?

பிரஷ். கணக்கைப் பாருங்கள். பெரிய சைக்கிளின் ஃபிரேமும் ஃபோர்க்கும் சேர்ந்து மொத்தப் பரப்பு ஏறக்குறைய 0.35 சதுர மீட்டர். நாலு சதுர அடிகூட இல்லை. ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். அப்படியானால் ஒரு கோட்டுக்கு 35 மில்லி. இரண்டு கோட்டும் சேதாரமும் சேர்த்து 100 மில்லி டப்பா போதும். மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு, கேரியர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 200 மில்லி வாங்கினால் மிஞ்சும்.

ஸ்ப்ரே டப்பாவில் இந்தக் கணக்கு செல்லாது. குழாய் ஒரு அங்குலக் கனம். டப்பாவிலிருந்து வரும் புகை அதைவிடப் பல மடங்கு அகலம். பாதிக்கு மேல் காற்றுக்குத்தான் போகும். கலர் இரண்டு டப்பா, பிரைமர் ஒரு டப்பா என்று வைத்தாலே உங்கள் தொகை தாண்டிவிடும்.

வாங்க வேண்டியவை: வாட்டர் பேப்பர் 120, 220, 320, 400 நம்பர்களில் இரண்டிரண்டு, ரெட் ஆக்சைடு (இரும்புக்கான பிரைமர்) 100 மில்லி, எனாமல் 200 மில்லி, கலக்கவும் பிரஷ் கழுவவும் டர்பன்டைன் கால் லிட்டர், ஓர் அங்குல பிரஷ் ஒன்று. பிரஷ்ஷில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மயிர் உதிரும் பிரஷ் எல்லா உழைப்பையும் கெடுக்கும். புது பிரஷ்ஷை உள்ளங்கையில் நன்றாகத் தட்டி, டர்பன்டைனில் ஒருமுறை கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.

எனாமலை டப்பாவிலிருந்து அப்படியே அடிக்காதீர்கள். பத்துக்கு ஒரு பங்கு டர்பன்டைன் கலந்தால் பிரஷ் கோடுகள் தானாகச் சமன்படும். முதலில் குழாய்கள் சேரும் மூலைகள், பிறகு நீளவாக்கில் குழாய்கள். ஒவ்வொரு குழாயையும் முடித்ததும், பெயின்ட் தொடாத பிரஷ் நுனியால் ஒரே திசையில் மெல்ல இழுத்துவிடுங்கள். பத்து நிமிஷம் கழித்துக் குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்; வழிந்து நிற்கும் சொட்டுகள் அங்கேதான் இருக்கும்.

கே: ரெட் ஆக்சைடு அடித்து இரண்டு நாள் கழித்து ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். ஐந்து நிமிஷத்தில் காய்ந்த சுண்டைக்காய்த் தோல்போலச் சுருங்கிவிட்டது. போலி டப்பாவா?

டப்பாவில் பெரும்பாலும் குறை இருக்காது. கூட்டணிதான் தப்பு.

கடையில் கிடைக்கும் சாதாரண ரெட் ஆக்சைடும் எனாமலும் ஒரே குடும்பம். அவை காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து மேலிருந்து கீழாக இறுகும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும். அடியில் பல நாள் இளக்கமாகவே கிடக்கும். ஸ்ப்ரே டப்பாவில் இருப்பது தின்னர் போன்ற காரமான கரைப்பான். அது மேல்தோலைக் கடந்து உள்ளே இறங்கி, இளக்கமான அடுக்கை ஊதவைக்கும். ஊதிய அடுக்கு விரிய இடம் தேடும்போது மேல்தோல் மடிந்து சுருக்கம் விழுகிறது.

ஆகவே ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்: ரெட் ஆக்சைடு அடித்தால் மேலே பிரஷ் எனாமல், கலர் ஸ்ப்ரே என்றால் பிரைமரும் ஸ்ப்ரே டப்பாவாகவே, முடிந்தால் அதே கம்பெனியாகவே இருக்கட்டும். எனாமலில் தின்னரைக் கலப்பதும் இதே வம்பைத்தான் கொண்டுவரும்.

இரண்டு டப்பாவும் ஒரே கம்பெனியாக இருந்தும் சுருங்கினால் இடைவெளியைக் கவனியுங்கள். சில ஸ்ப்ரே பெயின்ட்களில் அடுத்த கோட்டை ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். நடுவில் அடித்தால் சுருங்கும். டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் குலுக்க ஆரம்பிப்பதுதான் வழக்கம்.

இப்போது செய்ய வேண்டியது: ஒரு வாரம் தொடாதீர்கள். பெயின்ட் இளக்கமாக இருக்கும்போது தேய்த்தால் பேப்பரில் பசையாக ஒட்டும். நன்றாக இறுகியபின் 220 நம்பரால் தண்ணீர் விட்டுச் சமமாகத் தேய்த்து, இரும்பு தெரிந்த இடத்துக்கு மட்டும் ரெட் ஆக்சைடு வைத்து, மேலே எனாமல் அடியுங்கள். மறுபடியும் ஸ்ப்ரேதான் என்றால் முதலில் பெடல் அச்சுக்கு அடிப்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவு அடித்து ஒரு மணி நேரம் பாருங்கள்.

கே: துருவுக்குப் புளி தேய்க்கலாமா? கழிவறை ஆசிட் சீக்கிரம் எடுக்கும் என்கிறார்களே?

ஆசிட் சீக்கிரம் எடுக்கும், அதைவிடச் சீக்கிரம் துருவைத் திருப்பிக் கொண்டுவரும். அதிலுள்ள குளோரைடு இரும்பின் குழிகளில் தங்கிவிடும். கழுவிவிட்டோம் என்று பெயின்ட் அடித்தால், சில மாதத்தில் பெயின்டுக்கு அடியிலிருந்து கொப்புளம் கிளம்பும். குழாய்க்குள் இறங்கிவிட்டால் கழுவவும் வழியில்லை.

புளி மேலோட்டத் துருவுக்கு ஆகும். அதைவிட எலுமிச்சை உப்பு நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கரைத்து, துணியை நனைத்துத் துருப்பிடித்த இடத்தில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை கட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை துடைத்து, உடனே துணியால் ஈரத்தை எடுத்து வெயிலில் வையுங்கள். கழுவிய இரும்பு சில நிமிஷத்திலேயே மஞ்சளாக மாறத் தொடங்கும். அன்றைக்கே பிரைமர் அடிக்க முடியும் என்றால் மட்டும் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

ஆழமான குழிகளைத் தேய்த்தே சமமாக்கப் பார்த்தால் குழாய் மெலிந்துவிடும். பிரைமருக்கு மேல் பட்டி (குழி நிரப்பும் பசை) வைத்து, காய்ந்தபின் 400 நம்பரால் தேய்த்து, மறுபடி மெல்லிய பிரைமர் அடிப்பதே சரி.

துருவை எடுக்கும்போதே ஃபிரேம் தேறுமா என்றும் பார்த்துவிடுங்கள். பெடல் அச்சு இருக்கும் கூடு, அதற்குப் பின்னால் செயின் பக்கக் குழாய்கள், சீட் குழாயின் அடி: தண்ணீர் தேங்கும் மூன்று இடங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல குழாய் கணீரென்று சொல்லும். அரித்த இடம் மொத்தையாக ஒலிக்கும். நுனியால் குத்தினால் உள்ளே போகிறதென்றால் பெயின்ட் வேலையை நிறுத்துங்கள். இணைப்பின் ஓரத்தில் மயிரிழைபோலத் துருக்கோடு ஓடினால் விரிசலாக இருக்கலாம். அதற்கு கேஸ் வெல்டிங்கில் பித்தளைக் கம்பி ஓட்டுபவரைத் தேடுங்கள். கேட் செய்யும் பட்டறையில் ஆர்க் வெல்டிங் வைத்தால் மெல்லிய குழாய் ஓட்டையாகிவிடும்.

கே: எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமா? பெடல் கையை அச்சோடு பிடித்திருக்கும் கோட்டர் பின் அசையவே இல்லை.

சக்கரம், மட்கார்டு, செயின் கவர், ஹேண்டில்பார், ஃபோர்க், கிராங்க் (பெடல் கை) கழற்ற வேண்டும். ஃபிரேமின் தலைக்குழாயில் இறுக்கி அடித்திருக்கும் கப்புகளையும் (பேரிங் குண்டுகள் உருளும் கிண்ணங்கள்), பெடல் கூட்டில் வலப்பக்கக் கப்பையும் தொட வேண்டாம். டேப் ஒட்டி, உள்ளே செய்தித்தாளைத் திணித்துவிட்டால் போதும். இடது பெடலின் மரை எதிர்த்திசை என்பதை மறக்காதீர்கள்.

கோட்டர் பின்னுக்கு மண்ணெண்ணெயும் மெஷின் ஆயிலும் கலந்து விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். நட்டை முழுதாகக் கழற்றாமல், பின்னின் முனையோடு சமமாக நிற்கும்வரை மட்டும் தளர்த்துங்கள், மரை நசுங்காது. கிராங்குக்கு அடியில் தடித்த இரும்புக் குழாய்த் துண்டைத் தரையிலிருந்து முட்டுக்கொடுத்து, சுத்தியலால் பலமாக ஒரே அடி. பயந்து பயந்து இருபது தட்டு தட்டினால் பின்னின் மரை முனை காளான்போல விரிந்துவிடும். பிறகு கடைக்காரரிடம்தான் போக வேண்டும். புதுப் பின் விலை குறைவு. பழையதையே போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பால்ஸ் (பேரிங் குண்டுகள்) வந்தது என்று எண்ணி, தனித்தனிக் காகிதத்தில் மடித்து எழுதிவையுங்கள். ஃபிரேமில் குத்தியிருக்கும் நம்பரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியும் பிரைமரும் அதை மூடிவிடக்கூடாது.

கே: பெயின்ட் அடித்த இடத்தில் சின்னச் சின்ன வட்டமாகக் குழி விழுந்து, நடுவில் பழைய நிறம் தெரிகிறது. ஏன்?

எண்ணெய்ப் பிசுக்கு. மண்ணெண்ணெயால் துடைத்ததோடு நிறுத்தியிருப்பீர்கள். மண்ணெண்ணெய் கிரீஸைக் கரைக்கும், தானும் ஒரு படலமாகத் தங்கும். அதன்பின் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, காயவைத்து, தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் சுருக்கமாக ஒரு துடைப்பு. துணியில் அழுக்கு வருவது நிற்கும்வரை துடையுங்கள். பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள்.

கே: எந்த மாதத்தில் அடிப்பது நல்லது?

பங்குனி, சித்திரையில், காலை பத்து மணிக்குள், நிழலில். நேர் வெயிலில் வைத்தால் குழாய் சுடும்; மேல்தோல் சட்டென்று காய்ந்து உள்ளிருக்கும் கரைப்பான் கொப்புளமாக வெளியேறும். ஆடிக்காற்றில் அடித்தால் தெருப்புழுதி எல்லாம் ஃபிரேமில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எனாமல் காய மறுக்கும். ஸ்ப்ரே பெயின்ட் வெண்பனி படர்ந்ததுபோல வெளுக்கும்.

கே: மொட்டை மாடியில் தேய்க்கிறேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தூசியால் ஆபத்து உண்டா?

உண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதியே இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. முப்பது வருஷப் பழைய பெயின்டில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். எப்போதும் தண்ணீர் தொட்டு. கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, சேற்றை அதோடு சுருட்டி எடுங்கள். கிரைண்டர் வேண்டாம். ஸ்டவ்வில் வாட்டியோ கேஸ் தீயால் எரித்தோ பெயின்டை உரிப்பது எல்லாவற்றிலும் மோசம். அந்தப் புகையை நீங்களே சுவாசிக்கிறீர்கள்.

கே: பையனின் கியர் சைக்கிளில் காந்தம் ஒட்டவில்லை. இதே முறைதானா?

பெரும்பாலும் அலுமினியமாக இருக்கும். ரெட் ஆக்சைடு அதற்கு உரியதல்ல, உரிந்து வரும். இரும்புவரை போவதுபோல இங்கே போகாதீர்கள். பழைய பெயின்டை 400 நம்பரால் மங்கவைத்து அதன்மேலேயே அடிக்கலாம். உலோகம் தெரியும் இடத்துக்கு மட்டும் எட்ச் பிரைமர் (வழவழப்பான உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் பிரைமர்). காஸ்டிக் சோடா பக்கத்திலேயே வரக்கூடாது, அலுமினியத்தைத் தின்றுவிடும்.

கே: பவுடர் கோட்டிங் (பெயின்ட் பொடியைத் தூவிச் சூளையில் சுடுவது) கொடுத்தால் என்ன?

இரும்பு ஃபிரேமுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். சுமார் 180 முதல் 200 டிகிரியில் சுடுவார்கள். பித்தளை இணைப்புக்கு அந்தச் சூடு ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் வைத்த பட்டி தாங்காது, கப்புகளையும் கழற்றிக் கொடுக்க வேண்டும், மரைகளை அடைக்கச் சொல்லி நீங்களே கூடவே நிற்க வேண்டும். பெயின்ட் உரிக்கும் கூலி தனி. 500 ரூபாய் பட்ஜெட்டுக்கு இது வெளியே.

கே: அடித்த மூன்றாம் நாள் மாட்டினேன். கேரியர் கிளிப் இருந்த இடத்தில் பெயின்ட் பிசின்போல நசுங்கிவிட்டது.

எனாமல் ஒரு நாளில் கைக்குக் காயும், கிளிப்புக்குக் காயாது. குறைந்தது பத்து நாள் தொங்கவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கிளிப்புக்கு அடியில் பழைய டியூபை வெட்டி ஒரு பட்டை சுற்றினால் பிறகும் தேயாது. சக்கர நட்டு உட்காரும் இடத்தில் பெயின்டே இருக்கக் கூடாது. இருந்தால் அது நசுங்க நசுங்க நட்டு தளரும், சக்கரம் சாயும். அங்கே சுரண்டிவிட்டு லேசாக கிரீஸ் தடவுங்கள்.

கடைசியாக சீட் குழாய்க்குள் இரண்டு கரண்டி மெஷின் ஆயில் விட்டு, ஃபிரேமை நாலு பக்கமும் சாய்த்துச் சுழற்றுங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இதைச் செய்தால் எண்ணெய் வெளியே கசிந்து, மேலே சொன்ன வட்டக் குழிகள் வரும்.