நாலரை மணி நேரத் தூக்கமும் ராத்திரிப் பசியும்

"வயது 41. மூன்று வருடத்தில் 9 கிலோ கூடிவிட்டது. ராத்திரி பசி அடங்குவதே இல்லை. சாப்பிட்ட பிறகும் அல்வா, மிக்சர் என்று கை போகிறது. அவர் கடையடைத்து வரப் பத்தரை ஆகும். அவருக்குப் பரிமாறிவிட்டு அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவேன். படுக்கப் பன்னிரண்டு, பையன் டியூஷனுக்காக நாலரைக்கு எழுந்துவிடுவேன். நாக்கை அடக்க வழி சொல்லுங்கள்."
– வாசகி, அம்பாசமுத்திரம்

நாக்கைக் குற்றம் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, நாலரை மணி நேரம்தான் தூங்குகிறோம் என்பது உறைக்கவே இல்லையே! என் கண்ணில் பட்டது அந்த வரிதான்.

பசியை நடத்துவது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். காலி இரைப்பையில் சுரக்கும் கிரெலின் அதனிடம் 'சாப்பிடு' என்கிறது. உடம்புக் கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் 'கையிருப்பு இருக்கிறது, போதும்' என்கிறது. 2004-இல் வெளியான சிகாகோ ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டே இரவு நாலு நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். பத்து மணி நேரம் படுத்த நாட்களைவிட லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் ஏறியது. இனிப்பு, உப்புப் பண்டம், மாவுப் பண்டம் மேல்தான் ஆசை அதிகம் கூடியது. உங்கள் அல்வாவும் மிக்சரும் அதே வரிசைதான். அவர்களுக்கு இரண்டு இரவு. உங்களுக்கு எத்தனை வருடமாக இந்தக் கதை?

நின்றபடி அள்ளிப்போடுவதும் கெடுதல். குடலிலிருந்து 'நிறைந்தது' என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் வரை ஆகும். ஐந்து நிமிடத்தில் தட்டைக் கழுவிவிட்டால் எப்படித் தெரியும்?

பரிமாறிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று யார் சொன்னது? கட்டினவள் பத்தரை வரை பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது ஆம்பிளைக்கு அழகா? சோற்றையும் சொதியையும் ஹாட்பாக்ஸில் மூடி வையுங்கள், எடுத்துப் போட்டுக்கொள்ள அவருக்குக் கை இருக்கிறது. டியூஷன் போகிற வயதுப் பையன் அலாரம் வைத்து எழுந்து, தானே பால் காய்ச்சிக் குடிக்கட்டும். அவனை அப்படி வளர்க்காதது உங்கள் தப்பு.

எட்டு மணிக்குப் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டித்தான் கிரெலின் ஏறும் என்பதால், முதல் சில நாள் பத்தரைக்குப் பசிக்கத்தான் செய்யும். தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். நேரம் மாறியது பழகினால் அதுவும் தணியும்.

காலையில் வெறும் காபியோடு ஓட்டாதீர்கள். தொலி உளுந்து 40 கிராம், பச்சரிசி 20 கிராம், நாலு பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம் போட்டுக் குழைய வேகவைத்து, தேங்காய்த் துருவலோடு உளுந்தங்கஞ்சியாகக் குடியுங்கள். கருப்பட்டி துளி போதும். உளுந்திலேயே ஏறக்குறைய 10 கிராம் புரதம் இருக்கிறது; பசியைத் தாங்கிப் பிடிப்பது புரதம்தான். அல்வா வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டோடு ஒரு துண்டு. ராத்திரி அடுப்படியில் டப்பா இருக்கவே கூடாது.

ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்கினாலோ, குறட்டை பலமாக இருந்தாலோ டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் இந்த வாரமே ரத்தம் கொடுத்துவிடுங்கள். போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் காலையில் கடையைத் தாமதமாகத் திறக்கட்டும்.