புலப்படத்தைக் கையில் கொடுங்கள்: உள்ளாட்சி கேள்வி பதில்

(ஊரக வளர்ச்சித் துறையில் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: நான் ஊராட்சி வார்டு உறுப்பினர். பதவியேற்றதும் பயிற்சிக்கு அழைத்தார்கள். கிராம சபை, நிதிக்குழு மானியம், குடிநீர், தெருவிளக்கு எல்லாவற்றையும் சொன்னார்கள். மனைப்பிரிவு, நிலப் பயன்பாடு பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அனுமதி தருவது மேலே இருப்பவர்கள்தானே, எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது?
– வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: நீங்கள் சொல்வது பாதி உண்மை. மனைப்பிரிவு வரைபடத்துக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம். ஆனால் அந்த வரைபடத்தில் உள்ள சாலைகளும் பூங்காவும் தானப் பத்திரமாக எழுதப்படுவது உங்கள் ஊராட்சியின் பெயருக்கு. விற்றவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அங்கே தண்ணீர் தேங்கினால் கேள்வி கேட்க வருகிறவர்கள் உங்கள் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள்.

பயிற்சியில் நிலம் விடுபட்டதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கென்று 11ஆவது அட்டவணையில் 29 பொருள்களைச் சொல்கிறது. நில மேம்பாடு, மண்வளப் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது என்ற வரி நகராட்சிகளுக்கான 12ஆவது அட்டவணையில்தான் இருக்கிறது. அதனால் கிராமத்துக்குப் பாடம் தயாரிப்பவர்கள் ‘இது நம் பொருள் அல்ல’ என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். மனை வியாபாரம் கொழிப்பதோ நகரம் முடிந்து ஊராட்சி தொடங்குகிற எல்லையில்!

தெரியாமல் இருந்ததன் விலையைத் தமிழ்நாடு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று பலகை வைத்து விற்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மனைப்பிரிவுக்குத் தன்னிச்சையாக அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. இருந்தும் ரப்பர் முத்திரையும் கையெழுத்தும் விழுந்துகொண்டே இருந்தன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டு, அந்த மனைகளை வரன்முறைப்படுத்தும், அதாவது கட்டணம் பெற்று முறைப்படி அங்கீகரிக்கும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டி மனுவோடு அலைந்தவர்கள், சீட்டுப் பணத்திலும் நகைக் கடனிலும் மனை வாங்கிய சாதாரண மக்கள். கையெழுத்துப் போட்ட தலைவர்கள் எல்லோரும் காசு வாங்கியவர்கள் என்று நான் நம்பவில்லை. பலருக்குத் தங்கள் அதிகாரத்தின் எல்லை தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் எங்களைப் போன்ற பயிற்றுநர்கள்தான்.

சரி, எதைச் சொல்லிக்கொடுப்பது? சட்டப் பிரிவுகளைத் திரையில் ஓட்டினால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரங்கில் பாதிப் பேர் உறங்கிவிடுவார்கள். அவரவர் ஊரின் புலப்படத்தையும் (புல எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டும் நில அளவைப் படம்) அ பதிவேட்டின் (எந்தப் புலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கிராமக் கணக்கு) நகலையும் கையில் கொடுத்துப் பாருங்கள், நிலைமையே வேறு. ஒரு வகுப்பில் புதிதாக வென்ற தலைவி ஒருவர் இருந்தார். அதற்கு முன் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவர். அவர் சார்பில் பேசுவதற்கென்றே கணவர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். படத்தைக் கொடுத்ததும் அந்த அம்மாள் விரலால் ஒரு இரட்டைக் கோட்டைத் தொடர்ந்துகொண்டே போனார். “சார், இது நாங்கள் தூர் வாரிய வாய்க்கால். இந்த இடத்தில் இப்போது தார்ச்சாலை இருக்கிறதே?” என்றார். உடனிருந்த நில அளவர் அ பதிவேட்டில் அந்தப் புல எண்ணைப் பார்த்தார். ‘அரசு புறம்போக்கு – வாய்க்கால்’ என்று இருந்தது. மழைக்கு அந்தத் தெரு ஏன் முழங்கால் அளவு நிற்கிறது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கணவர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படம் படிப்பது பெரிய வித்தை அல்ல. புல எண், உட்பிரிவு எண், எல்லைக் கற்கள், பக்கத்துப் புலங்களின் எண்கள், குறுக்கே போகும் பாதையும் ஓடையும் – இவ்வளவுதான். புலப்படத்தையும் அ பதிவேட்டையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். எட்டாம் வகுப்பு படித்தவர்கள் அரை நாளில் பிடித்துக்கொள்கிறார்கள்.

கடினமான சங்கதி வேறு. அ பதிவேட்டை வைத்திருக்கும் கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறை. உங்கள் ஊராட்சிச் செயலர் ஊரக வளர்ச்சித் துறை. வரைபடம் நகர் ஊரமைப்பில், பத்திரம் பதிவுத் துறையில். ஒரே புல எண்ணைப் பற்றி நான்கு அலுவலகங்களிலும் நான்கு கோப்புகள் இருக்கும். ஒவ்வொரு துறையும் தன் ஆட்களைத் தனியாக அழைத்துத் தனியாகப் பயிற்சி தருகிறது. இந்த நால்வரையும் உங்களையும் ஒரே மேசையில் ஒரே புலப்படத்தைச் சுற்றி உட்கார வைக்காத பயிற்சி எதுவானாலும் அது தேநீர்ச் செலவுதான்.

கேரளத்தைப் பாருங்கள். 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. தலைமை ஊராட்சித் தலைவருக்கு. வேளாண் அலுவலர், கிராம அலுவலர், நெல் விவசாயிகளின் பிரதிநிதிகள் உறுப்பினர்கள். அங்கேயும் வயல்கள் நிரப்பப்படுகின்றன, சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தலைவருக்கு வேலை இருப்பதால் அவருக்குப் பயிற்சியும் தேவைப்படுகிறது.

உங்களுக்கு அருகில் டி.கல்லுப்பட்டியில் ஊரக வளர்ச்சிக்கான மண்டலப் பயிற்சி நிலையம் இருக்கிறது. நில ஆவணங்கள் பற்றி ஒரு நாள் வகுப்பு வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டு எழுத்தில் கேளுங்கள். அதுவரை, புல எண்ணும் உட்பிரிவும் பரப்பும் எழுதப்படாத எந்த நிலத் தீர்மானத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தில் ஒருவர் ஜல்லி, மணல் கொட்டி வைத்திருக்கிறார். ஊராட்சியில் கேட்டால் “அது எங்கள் இடமா என்று தெரியவில்லை” என்கிறார்கள். இப்படியும் நடக்குமா?
– வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: தாராளமாக நடக்கும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, சாலை நீங்கலாக 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காடு இடத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுத்தே ஆக வேண்டும். சென்னைப் பெருநகரப் பகுதியில் இதேபோல் இடம் பெறுவது செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, சட்டத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை பீரோவில்! பத்திரம் பதிவாகிறது, பீரோவுக்குள் போகிறது, பட்டா மாறுவதில்லை, சொத்துப் பதிவேட்டில் ஏறுவதில்லை. செயலர் மாறினால் அடுத்தவருக்கு அப்படி ஒரு பத்திரம் இருப்பதே தெரியாது.

வில்லங்கச் சான்று போட்டுத் தானப் பத்திர எண்ணை எடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகலோடு சேர்த்து, பட்டா மாறுதலுக்கு ஊராட்சியை விண்ணப்பிக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். கிராம சபையிலும் கேளுங்கள், பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். பட்டா வந்ததும் கம்பி வேலி. ஜல்லி தானாக நகரும்.

கேள்வி: ஐந்து ஆண்டில் மாறிவிடும் தலைவர்களுக்கு எதற்கு இந்தச் செலவு? நிரந்தரமாக இருக்கும் அதிகாரிகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாதா?
– வாசகர், சேலம்

பதில்: அதையும் ஒரு முறை பார்த்தோமே. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர் தேர்தல் வரையும், மற்ற ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் தேர்தல் வரையும் ஊராட்சிகளில் தலைவர்களே இல்லை, தனி அலுவலர்கள்தான். மனை வரன்முறை மனுக்கள் குவிந்ததும் அதே காலத்தில். வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் பல ஊராட்சிகளுக்குச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அவர் திறமையானவராகவே இருக்கட்டும், எந்த ஊரில் எந்த ஓடை எங்கே திரும்புகிறது என்று அவருக்கு யார் சொல்வது?

செயலர்களுக்குப் பயிற்சி அவசியம், மறுக்கவில்லை. அதே அறையில் தலைவரும் இருக்கட்டும் என்கிறேன். முன்னாள் தலைவர் என்றால் செலவு வீண் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். படம் படிக்கத் தெரிந்த முன்னாள் தலைவர் ஒருவர் கிராம சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து பதிவேட்டைக் கேட்டால், இந்நாள் தலைவருக்கு அதைவிட நல்ல பயிற்சி வேறு எதுவும் இல்லை.