அசோக மரம்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே அசோக மரத்தைப் பற்றியவை. சராகா அசோகா என்பது தாவரவியல் பெயர். பயறு வகைக் குடும்பம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்வான மழைக்காடுகளில் ஓடைக்கரைகள் இதன் சொந்த இடம்.

கேள்வி: எங்கள் தெருவில் வரிசையாக உயர்ந்து நிற்கும் அசோக மரங்கள் ஏன் பூப்பதில்லை? (மதுரை)

பதில்: அவை நெட்டிலிங்க மரங்கள், சீத்தாப்பழக் குடும்பம். அவையும் பூக்கும். பூ பச்சையாக இருப்பதால் இலைகளுக்கு நடுவே தெரிவதில்லை. நெட்டிலிங்கத்துக்குத் தனியிலை, ஓரம் நெளிநெளியாக இருக்கும். அசோகுக்குக் கூட்டிலை. ஒரே காம்பில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு இணைச் சிற்றிலைகள் இருக்கும், நுனியில் ஒற்றைச் சிற்றிலை இராது.

கேள்வி: அசோகக் கன்றின் புதுத் தளிர்கள் செம்பு நிறத்தில் துவண்டு தொங்குகின்றன. இருவேளையும் தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. கன்று பட்டுப்போகுமா? (நாகர்கோவில்)

பதில்: தண்ணீரைக் குறையுங்கள், கன்று நலமாக இருக்கிறது. அசோகின் தளிர் அப்படித்தான் பிறக்கும். மொட்டு பிரிந்ததும் சிற்றிலைகள் எல்லாம் ஒரே கொத்தாகக் கீழே சரியும். விரலால் தூக்கிப் பாருங்கள், ஈரத்துணி போல மீண்டும் மடிந்து விழும். இலையை விறைப்பாக நிறுத்தும் திசுக்கள் இன்னும் உறுதிப்படவில்லை, பச்சையமும் சேரவில்லை. அளவில் முழுதாக வளர்ந்த பிறகுதான் பச்சை ஏறும், காம்பு நிமிரும். இந்தத் தளிரைத்தான் சங்க காலத்தில் காதில் செருகிக்கொண்டார்கள். திருமுருகாற்றுப்படையில் ‘பிண்டி ஒண்தளிர்’ என்று வருகிறது. பிண்டி என்பது அசோகு. வாடியதென்று நினைத்துத் தளிரைக் கிள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: மரப்பட்டையை எந்த அளவில் கஷாயம் வைக்க வேண்டும்? (சேலம்)

பதில்: சித்த மருத்துவரிடம் கேளுங்கள். மரத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்: பட்டையை உரிக்காதீர்கள். அடிமரத்தைச் சுற்றி உரித்தால் இலையில் உண்டான உணவு வேருக்கு இறங்காது, மரம் நின்றபடியே சாகும். இந்தப் பட்டை வணிகத்தால் காட்டு மரங்கள் குறைந்து, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது அழிவாய்ப்புள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது. சந்தையில் அசோகப்பட்டை என்று நெட்டிலிங்கப் பட்டையைக் கலந்து விற்பதும் உண்டு.

கேள்வி: ஒரே கொத்தில் மஞ்சள் பூவும் சிவப்புப் பூவும் இருக்கின்றன. ஒட்டுக்கட்டிய மரமா? (தென்காசி)

பதில்: இல்லை. பூ மஞ்சளாக விரிந்து, ஆரஞ்சாகி, பிறகு சிவக்கும். கொத்தில் சிவந்தவை மூத்த பூக்கள். அத்தனை நிறமும் அல்லி இதழே (பூவின் உள்வட்ட இதழ்) இல்லாத ஒரு பூவில் என்பதுதான் இதன் அழகு.

கேள்வி: அல்லி இதழ் இல்லையா? நான் ஆசிரியை. கீழே இரண்டு சிறிய புல்லி இதழ்கள் (வெளிவட்ட இதழ்கள்), மேலே நான்கு அல்லி இதழ்கள் என்றுதான் மாணவர்களுக்குக் காட்டி வருகிறேன். கண்ணுக்குத் தெரிவதை எப்படி மறுப்பது? (திருநெல்வேலி)

பதில்: அம்மா, ஒரு பூவைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நீங்கள் புல்லி என்று காட்டும் இரண்டும் பூக்காம்பில் முளைத்த செதில்கள். நிறம் ஏறியிருப்பதால் ஏமாற்றுகின்றன. அவற்றுக்கு மேலே மெல்லிய குழல். குழலின் விளிம்பில் விரியும் நான்கு மடல்கள்தான் புல்லி வட்டம். அதற்கு உள்ளே நேராக மகரந்தத் தாள்கள் வந்துவிடும், பெரும்பாலும் ஏழு அல்லது எட்டு, மடல்களைத் தாண்டி நீண்டிருக்கும். பின்னால் காயாக மாறும் சூலகத்தின் காம்பு குழலின் ஒரு பக்கத்தோடு ஒட்டியிருப்பதும் தெரியும்.

கேள்வி: உள்வட்டம் இல்லை என்றால், இருக்கிற வட்டத்தை அல்லி என்றும், புல்லிதான் இல்லை என்றும் சொல்லலாமே? (அதே ஆசிரியை)

பதில்: நல்ல வாதம். இதற்குப் புளியம்பூவை எடுங்கள். புளியும் அசோகும் டெட்டாரியாய்டே என்ற ஒரே துணைக்குடும்பம். புளியம்பூவில் வெளியே நான்கு புல்லி இதழ்கள், உள்ளே செங்கோடு ஓடிய மூன்று அல்லி இதழ்கள். அந்த வெளி நான்குக்கு ஈடானவைதான் அசோகின் நான்கு மடல்கள். உள்ளே இருந்தவை மறைந்துவிட்டன. உறவு மரத்தோடு வைத்துப் பார்க்காமல் நிறத்தை மட்டும் நம்பினால் இந்தப் பூ புரியாது.

கேள்வி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பாடநூலில் அசோகு சிசால்பினியேசி குடும்பம். பயறு வகை என்றால் பட்டாணிப் பூப் போல இருக்க வேண்டாமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: வேண்டியதில்லை தம்பி. இந்தக் குடும்பத்தைச் சேர்த்துக் கட்டுவது காய். ஒற்றைச் சூலக இலையிலிருந்து உருவாகும் நெற்று. அசோகின் நெற்று தட்டையாக, தோல் போலத் தடித்து, உள்ளே நான்கு முதல் எட்டு விதைகளோடு இருக்கும். சிசால்பினியேசி பழைய பிரிவு. 2017-இல் வெளியான வகைப்பாட்டில் முழுக் குடும்பமும் ஆறு துணைக்குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டது. பூ எப்படி இருந்தாலும் பயறு பயறுதான்.

கேள்வி: அப்படியானால் தோட்டத்து மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்குமா? (ஈரோடு)

பதில்: சேர்க்காது. காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்கள் வாழ்வது வேர்முடிச்சில். புளியைப் போல இதற்கும் அது கிடையாது.

கேள்வி: சராகா இண்டிகாவா, சராகா அசோகாவா? (சென்னை)

பதில்: அசோகா. தாவரவியலாளர் லின்னேயஸ் 1767-இல் இண்டிகா என்று பெயரிட்டது ஜாவா மரத்துக்கு. நம் மரத்தைத் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் 1795-இல் வடமொழி அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் நினைவாக ஜோன்சியா அசோகா என்றார். இரண்டும் ஒன்றெனக் கருதி இண்டிகா என்றே நெடுங்காலம் எழுதினார்கள். 1968-இல் தாவரவியலாளர் டி வில்டே பிரித்துக் காட்டினார்.

கேள்வி: இங்கே பூங்காவில் மஞ்சளாக மட்டுமே பூக்கிறது. (ஈப்போ, மலேசியா)

பதில்: பூவின் நடுவில் கருஞ்சிவப்பு இருந்தால் சராகா தைப்பிங்கென்சிஸ். உங்கள் பேராக் மாநிலத்துத் தைப்பிங் ஊரின் பெயரைத் தாங்கிய மரம்.

கேள்வி: அபார்ட்மென்ட் வாசலில் கூம்பாக நிற்கும் அசோக மரம்… (கோவை)

பதில்: நெட்டிலிங்கம். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கூம்பு வடிவ அசோகின் பட்டை மருந்தாகுமா? (வேலூர்)

பதில்: அதுவும் நெட்டிலிங்கம். எந்த மரத்தின் பட்டையையும் உரிக்காதீர்கள்.

கேள்வி: போன வருடத்து விதைகள் டப்பாவில் இருக்கின்றன. எப்போது விதைக்கலாம்? (மட்டக்களப்பு)

பதில்: அவை முளைக்காது. அசோக விதை முளைப்புத் திறனைச் சீக்கிரம் இழந்துவிடும். நெற்று வெடித்து விழுந்த சில நாட்களுக்குள் புதிய விதையை மணலும் மக்கும் கலந்த பையில் ஊன்றுங்கள், நிழலில் வையுங்கள். இது உங்கள் தீவுக்கும் சொந்த மரம். நடும் இடம் நீரோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.